கடகடக்கும் புகைக்குழாய்

தமிழில் ஒலிக்குறிப்புச் சொற்கள் மிகப் பல. கிடுகுக் கூரையில் மழை விழுந்தால் சடசட என்போம். வாய்க்காலில் நீர் ஓடினால் சலசல என்போம். வண்டிற் சில்லு கல்லில் ஏறினால் கடகட என்போம். இரட்டித்து நின்றே பொருள் தரும் இவற்றை இரட்டைக்கிளவி என்று பெயரிட்டு, இவை பிரிந்து நில்லா என விதித்தார் தொல்காப்பியர். கட என்று ஒருமுறை மட்டும் சொல்லிப் பாருங்கள், அது தெருவைக் கடக்குமாறு ஏவும் வினையாகிவிடுகின்றது, ஓசை போய்விடுகின்றது.

இலக்கண வகுப்பில் எடுத்துக்காட்டுக் கேட்டால் மாணவர் ஏட்டிலுள்ள இரண்டு மூன்றையே திருப்பிக் கூறுவர். அவர்களைப் பழைய மோட்டார் வண்டிகளைப் பழுது பார்க்கும் கராச் ஒன்றின் வாயிலில் அரை மணி நேரம் நிறுத்தினாற் போதும் என்பது எமது எண்ணம். அங்கே வண்டி கொண்டு வருவோர் இன்ன பாகம் பழுது என்று கூறுவதில்லை. “கடகட எண்டு அடிக்குது”, “கிணுகிணு எண்டு கேக்குது”, “அடியிலை ஏதோ சீறுது” என்றே கூறுவர். கைதேர்ந்த மெக்கானிக் அச்சொல்லைக் கேட்ட அளவிலே பாதி நோயை அறிந்துகொள்வார்.

அவ்வோசைகளுள் ஒன்றாகிய, வண்டியின் அடியிலிருந்து எழும் கடகடப்பைப் பற்றியதே இக்கட்டுரை. தமிழாசிரியரிடம் இலக்கியக் கட்டுரையை எதிர்பார்த்தோர் பொறுத்தருள்க. எம்மோடு படித்தோர் பலர் வீட்டு மாமரத்தடியில் தந்தையாரின் வண்டி ஒன்றை இன்றும் காத்து வருகின்றனர். பழைய மாணவர் கூட்டங்களில் அவர்கள் பேசிக்கொள்வதும் பெரும்பாலும் அதைப்பற்றியே. அடியில் எழும் கடகடப்பு மிகுதியும் புகைக்குழாயின் குரல். நேரத்தோடு கேட்டால் சிறு செலவில் தீரும். கேளாது விட்டால் ஒருகால் உயிரையே வாங்கும். இதனை மிகைக்கூற்று என்று எண்ணுவோர்க்குக் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வோசைக்குத் தனி வரலாறு உண்டு. இங்கிலாந்திலே ஒக்ஸ்போட்டுக்கு அருகிலுள்ள கௌலியில் மொரிஸ் கம்பனியாரும், பேர்மிங்காமின் லோங்பிறிட்ஜில் ஒஸ்ரின் கம்பனியாரும் வண்டிகள் செய்தனர். 1952இல் இவ்விரு கம்பனிகளும் ஒன்றிணைந்தன. 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர் 1960ஆம் ஆண்டின் இறுதிக்குள் பத்து இலட்சத்தை எட்டிவிட்டது. ஒஸ்ரின் ஏ 40 சமர்செற் 1952 முதல் 1954 வரையும், கேம்பிரிட்ஜ் பல உருவங்களில் 1954 முதல் 1969 வரையும் செய்யப்பட்டன. அப்புக்காத்துமாரும் டாக்குத்தர்மாரும் மலாயாவில் உழைத்து ஓய்வூதியத்தோடு திரும்பியோரும் இவற்றை வாங்கினர். 1960களில் அந்நியச் செலாவணி முடையால் மோட்டார் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977க்குப் பின்னரே அக்கட்டு நெகிழ்ந்தது. ஆதலின் வந்த வண்டி வந்ததாகவே இருந்து, தந்தையிடமிருந்து மகனுக்கும், வீட்டிலிருந்து வாடகைத் தரிப்பிடத்துக்கும் கைமாறிற்று.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோல், பற்றரி முதலியன குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. அக்காலத்திலே இவ்வண்டிகள் மண்ணெண்ணெய்யில் ஓடின. சிறிதளவு பெற்றோலிற் கிளப்பி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களாதலின் அவை இதனை ஒருவாறு பொறுத்துக்கொண்டன. பாடசாலைச் சிறுவராயிருந்த நாம், வண்டி வருவதைக் கண்ணாற் காணுமுன் மூக்கால் அறிந்தோம். முற்றும் எரியாத எண்ணெய் கரியாகிச் சைலன்சரின் உள்ளே அப்பிற்று. உதிரிப்பாகம் வரும் வழி இல்லாமையால், பாகத்தைச் செய்வதும் பட்டறையின் வேலையாயிற்று. ஏ 9 வீதி 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடி, 2009இல் போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. பின்னரும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேயே தனியார் வண்டிகளுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. பழையதைப் பேணும் பழக்கம் எம்மவரிடம் நிலைத்தமைக்குக் கஞ்சத்தனம் ஒன்றே காரணம் என்பாருக்கு இவ்வாண்டுகளே விடை கூறும்.

இனிக் குழாய்க்கு வருவோம். எஞ்சினின் நான்கு உருளைகளிலும் எரிந்த வாயு, வார்ப்பிரும்பாலான கிளைக்குழாய் ஒன்றிற் கூடும். இதனைக் கராச்சில் மனிபோல்ட் என்பர். அதிலிருந்து உருக்குக் குழாய் ஒன்று கீழிறங்கி, வண்டியின் அடித்தளத்தை ஒட்டிப் பின்னோக்கிச் சென்று, சைலன்சர் என்னும் பெட்டியுட் புகும். பெட்டியினுள்ளே துளையிட்ட குழாய்களும் குறுக்குத் தகடுகளும் உள. வெடித்து வரும் வாயு இவற்றிற் பட்டுத் திரும்பித் திரும்பி வலிமை இழந்து, வாற்குழாய் வழியே வெளியேறும்.

இங்கே இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். எஞ்சின் றப்பர்க் கால்களின்மேல் நின்று ஆடுகின்றது. வண்டியின் உடல் அவ்வாறு ஆடுவதில்லை. ஒரு தலை எஞ்சினிலே பிணிக்கப்பட்டு, மறுதலை உடலிலே தொங்குகின்ற குழாயோ, ஆடுவதற்கும் ஆடாததற்கும் இடையில் அகப்பட்டுள்ளது. அன்றியும் அது சூட்டில் நீளும். இரண்டு மீற்றர் நீளமான உருக்குக் குழாயின் வெப்பம் 200 பாகை உயர்ந்தால், அது ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீண்டுவிடும். எனவேதான் அதனை இறுக்கி அறையாது, றப்பரிலோ றப்பரும் துணியும் சேர்ந்த பட்டியிலோ ஊஞ்சல் போலத் தொங்கவிட்டனர். இவ்வூஞ்சல் அறுந்தால் அல்லது இறுகினால் ஓசை பிறக்கும்.

மற்றையது துடிப்பு. நான்கு உருளை எஞ்சின் நிமிடத்துக்கு 900 தரம் சுழன்றால், சுழற்சிக்கு இரண்டாக வினாடிக்கு 30 வெடிப்புகள் நிகழும். வேகம் ஏற ஏற இவ்வெண்ணும் ஏறும். ஒவ்வோர் உலோகத் துண்டுக்கும் தனக்கே இயல்பான அதிர்வெண் ஒன்றுண்டு. எஞ்சினின் துடிப்பு அதனோடு ஒத்துவரும் வேளையில் அத்துண்டு பெரிதும் அதிரும். பௌதிக நூலார் இதனைப் பரிவு என்பர். “நாப்பது மைலிலை மட்டும் கடகடக்குது, கொஞ்சம் கூட்டினால் நிண்டு போகுது” என்று ஒருவர் முறையிட்டால், அவர் வண்டியிலே பேய் இல்லை. தளர்ந்த தகடோ கிளாம்போ உண்டு என்பதே கருத்து.

குழாய் ஏன் கெடுகின்றது? எல்லோரும் வெளியிலிருந்து கறள் பிடிப்பதையே காண்கின்றனர். உள்ளிருந்து பிடிப்பதே பெரிது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கின்றது என்றால் நம்புவோர் சிலரே. ஆயினும் உண்மை அதுவே. காலையில் வாற்குழாயின் நுனியிற் சொட்டுவது அந்நீர்தான்; அதுகண்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை. குழாய் நன்கு சூடேறினால் ஆவி வெளியேறிவிடும். ஏறாவிட்டாற் சைலன்சரின் அடியில் நீராகத் தேங்கி, எண்ணெயிலுள்ள கந்தகத்தோடு கூடிப் புளித்த அமிலமாகித் தகட்டை அரிக்கும். சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் வண்டியின் சைலன்சர், கொழும்புக்கு ஓடும் வண்டியினதைப் பார்க்கிலும் விரைவில் உக்குவது இதனாலேயே. வண்டியைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் அன்பர்களுக்கு இது கசப்பான செய்தி.

வெளிக் கறளுக்குக் கடல் காரணம். குடாநாட்டின் எவ்வூரும் கடலுக்கோ கடனீரேரிக்கோ மிகத் தொலைவில் இல்லை. பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்கும், பொன்னாலைப் பாலத்தாற் காரைநகருக்கும் நாள்தோறும் போய்வரும் வண்டிகளின் அடிப்பாகத்தைச் சோளகக் காற்று உப்புத் துமியால் நனைத்துவிடும். இங்கிலாந்திலே மாரிகாலத்துப் பனியை உருக்க வீதியில் உப்பு இடுவர். அங்கும் அவ்வுப்பே இவ்வண்டிகளை அரித்தது. எமக்கு அதனைக் காற்றே விலையின்றி இடுகின்றது. பாலம் கடந்து வந்த வண்டியின் அடியை வாரம் ஒருமுறையேனும் நன்னீரால் அலம்புவது நன்று. எம் கிணறுகள் சிலவற்றின் நீரும் உவரே என்பதையும் மறத்தலாகாது. அந்நீரால் அலம்பின் கறளுக்குப் பாலூற்றியதாகும்.

இனி ஓசைகள். வீதிப் பள்ளத்தில் விழும்போது மட்டும் ‘கடக்’ என்று ஓரிரு அடி கேட்டால், தொங்கல் றப்பர் அறுந்து குழாய் அடித்தளத்திலோ பின் அச்சிலோ மோதுகின்றது. வண்டி நிற்கையில் எஞ்சின் மெல்ல ஓடும்போது கடகடத்து, வேகம் கூட்டினால் ஓய்ந்தால், கிளாம்ப் தளர்ந்திருக்கும். அல்லது குழாய் எங்கோ ஒரு விரற்கடையிலும் குறைந்த இடைவெளியில் உடலை நெருங்கியிருக்கும். தகரத்தில் வண்டு மோதுவது போன்ற ‘கிர்ர்’ ஓசை மெல்லிய தகட்டினது. இவ்வோசை பழைய ஆங்கில வண்டிகளிற் குறைவு; ஜப்பானிய வண்டிகளிற் குழாயின்மேல் வெப்பத்தைத் தடுக்கத் தகட்டு மறைப்பு உண்டாதலின் அவற்றில் மிகுதி. குழந்தையின் கிலுக்கைக் குலுக்கினாற்போலப் பெட்டிக்குள்ளே கலகலத்தால், சைலன்சரின் உட்தகடு பெயர்ந்துவிட்டது. காலையிற் கிளப்பியவுடன் எஞ்சின் பக்கமாகத் ‘தட்தட்’ என்று தாளம் தப்பாது கேட்டு, சூடேறியபின் மறைந்தால், மனிபோல்டுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள காஸ்கற் கசிகின்றது; இரும்பு விரிந்ததும் இடைவெளி அடைபடுவதால் ஓசை நின்றதேயன்றிப் பழுது நீங்கியதன்று. சீறலும் ‘புசுபுசு’ என்னும் ஓசையும் குழாயில் எங்கோ ஓட்டை விழுந்தமைக்கு அறிகுறி.

புகைக்குழாய் மீது வீண்பழி சுமத்தப்படுவதும் உண்டு. மேட்டில் ஏறும்போது மாத்திரம், எஞ்சினுள்ளே சில்லறைக் காசு குலுங்கினாற்போலக் கிணுகிணு என்று கேட்டால், அது குழாயன்று. எண்ணெய் காலமல்லாக் காலத்தில் வெடிக்கின்றது. தரம் குறைந்த எண்ணெய்யில் இது நேரும். மண்ணெண்ணெய்க் காலத்தில் இவ்வோசை கேளாத வண்டி அரிது. அதனைப் பொருட்படுத்தாது ஓடினால் முசலம் துளைபடும். இன்னும், சில்லின் மூடிக்குள் அகப்பட்ட கல், டிக்கிக்குள் உருளும் ஜக், தளர்ந்த கைப்பிறேக் கம்பி ஆகியனவும் புகைக்குழாய் போலவே குரல் கொடுக்கும். சைலன்சரைக் கழற்றுமுன் டிக்கியை வெறுமையாக்கி ஒருமுறை ஓடிப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம்.

பார்வையிடும் முறை இது. வண்டி குறைந்தது ஒரு மணி நேரமேனும் ஆறியிருத்தல் வேண்டும். சமதளமான சீமெந்துத் தரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அண்டை கொடுத்து, ஜக்கினால் உயர்த்தியபின் உறுதியான தாங்கிகளையோ பருத்த மரக்குற்றிகளையோ அச்சின்கீழ் வைத்து, வண்டியை அவற்றின்மேல் இறக்குக. ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழ்ப் புகுவது தற்கொலைக்கு ஒப்பு. அடுக்கிய செங்கல்லையும் சீமெந்துக் கல்லையும் நம்பலாகாது. அவை முன்னறிவிப்பின்றி நொருங்கும். குழி வெட்டிய கராச் அருகில் இருந்தால் அங்கே செல்வதே மேல்.

கீழே புகுந்ததும் தட்டுவதற்குமுன் பார்த்தல் வேண்டும். கறள் பிடித்த இரும்பில் ஓரிடம் மட்டும் வெள்ளிபோல் மினுங்கினால், இரும்போடு இரும்பு உராயும் இடம் அதுவே. கடகடப்பின் கைந்நாட்டு அது. மூட்டுகளில் விசிறிபோற் கரி படிந்திருந்தால், அங்கே புகை கசிகின்றது. பின்னர்க் குழாயைக் கையாற் பற்றி மேலும் கீழும் இருபுறமும் அசைத்துப் பார்க்க. நாற்புறமும் விரல் நுழையும் இடைவெளி இருத்தல் வேண்டும். அதன்பின் மரச்சுத்தியலாற் சைலன்சரின்மேல் மெல்லத் தட்டுக. நல்ல பெட்டி கணீரென்னும். உக்கிய பெட்டி பூசணிக்காய்போல மொத்தென்னும். உட்தகடு பெயர்ந்தது கலகலக்கும். திருகாணியின் முனையால் அடிப்புறத்தை அழுத்தினால் உட்செல்லுமிடம் தகடன்று, கறளே.

இவ்வளவிலும் அகப்படாவிட்டால், வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, றப்பர்க் குழாய்த் துண்டொன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை வண்டியின் பக்கவாட்டிலிருந்து குழாயின் வழியே நகர்த்திக் கேட்கலாம். டாக்குத்தர் நெஞ்சில் வைத்துக் கேட்பதும் இம்முறையே. ஒருவர் தடித்த ஈரச் சாக்கால் வாற்குழாயை ஓரிரு வினாடி பொத்தினால், கசிவுள்ள இடம் சீறிக் காட்டிக்கொடுக்கும். வண்டியின் கீழ் எவரும் கிடக்கையில் எஞ்சினை ஓடவிடுதல் ஒருபோதும் ஆகாது.

உயிரைப் பற்றிக் கூறுவோம் என்றோமன்றோ? எரிந்த வாயுவிற் காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சு உண்டு. ஊக்கிப்பெட்டி இல்லாத பழைய வண்டிகளின் புகையில் இது நூற்றுக்குச் சில பங்கு வரை இருக்கும். நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பற்றுவதிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதனைப் பற்றிக்கொள்ளும். தலையிடி, ஓங்காளம், தூக்கம் என்பனவே முதல் அறிகுறிகள். மூன்றும் வெயிலில் நெடுந்தூரம் பயணஞ் செய்த எவருக்கும் வருவனவாதலின் எவரும் ஐயுறுவதில்லை.

எமக்கு அறிமுகமான வாடகை வண்டிச் சாரதி ஒருவர், நயினாதீவு யாத்திரிகரைக் குறிகட்டுவான் துறைக்கு ஏற்றிச் சென்றார். வண்டி கேம்பிரிட்ஜ். உள்ளே பெரியோரும் சிறுவருமாக எழுவர். டிக்கியில் அவர்களது மூட்டைகளும் கூடைகளும். மூடி மூடாமையாற் கயிற்றாற் கட்டியிருந்தார். வண்டி சில வாரங்களாகவே கடகடத்தது என்பதை அவரே கூறினார். வழியிற் பின்னாசனத்திலிருந்த சிறுவர் இருவர் முதலிற் சிணுங்கி, பின் ஓய்ந்து, ஒருவன் சத்தி எடுத்தான். பெரியோர் வெயில் என்றனர்; காலையில் உண்ட உணவு என்றனர். சாரதிக்கும் நெற்றி கனத்தது. ஓட்டுபவருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே வேளையில் ஒரே நோய் வருவது எங்ஙனம் என்று அவர் எண்ணியமையே எழுவரையும் காத்தது. உடனே நிறுத்தி, கதவுகளைத் திறந்து, அனைவரையும் இறக்கிக் கடற்காற்றில் இருத்தினார். வேறு வண்டி வருவித்து அவர்களை அனுப்பியபின் பார்த்தால், சைலன்சரின் பொருத்து ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. அதற்கு நேர்மேலே, காற்றடிக் கம்பளத்தின்கீழ், அடித்தளத் தகட்டிற் கறளரித்த ஓட்டை.

இதில் டிக்கியின் பங்கும் கவனிக்கத்தக்கது. ஓடும் வண்டியின் பின்னே காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாகும். டிக்கி திறந்திருந்தால், வாற்குழாயின் புகையை அச்சுழல் உள்ளே வாரி இழுக்கும். வாழைக்குலையும் சைக்கிளும் ஏற்றி டிக்கியைத் திறந்தபடி ஓடுவது எம்மூர் வழக்கம். அவ்வாறு ஓட நேரின் முன் யன்னல்கள் அனைத்தையும் திறந்து வைத்தல் வேண்டும். பின்னாசனத்திற் குழந்தைகளைத் தூங்கவிடலாகாது. தலையிடி கண்டவரைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, தெளியாவிடில் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. இன்ன புகையை நுகர்ந்தார் என்பதையும் வைத்தியரிடம் கூறுக. கடகடப்பு நஞ்சன்று, ஆயினும் தளர்ந்த குழாய் அதிர்ந்து அதிர்ந்தே வெடிக்கின்றது. வெடிப்புக்குச் சில வாரம் முன்னர் அது பேசத் தொடங்குகின்றது என்பதே எமது கட்சி.

பழுது நீக்குதலைப் பற்றிக் கூறுங்கால், முதலிற் கண்டிக்க வேண்டியது கம்பி கட்டும் வழக்கத்தையே. தொங்கல் றப்பர் அறுந்தவுடன் இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு, ஓசை நின்றது என்று மகிழ்வோர் பலர். ஊஞ்சலை மரத்தோடு சேர்த்து ஆணியறைந்ததற்கு இது ஒப்பாகும். எஞ்சினின் ஆட்டம் முழுவதையும் குழாயே தாங்கி, மனிபோல்டின் கழுத்தருகே வெடிக்கும். வழியில் வீடு சேரும்வரைக்கு மட்டுமே கம்பி ஆகும். புதிய றப்பர் கிடையாவிட்டால், உள்ளே நூற்படை உள்ள பழைய ரயரிலிருந்து பட்டி வெட்டி, இருபுறமும் அகன்ற வொசர் இட்டு முடுக்கினால் நெடுங்காலம் உழைக்கும். துளையை ரயரின் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி இடுதல் வேண்டும், இன்றேல் கிழியும். தடை நாட்களின் கைவேலைகளுட் கடையிலே வாங்குவதற்கு எவ்வகையிலும் தாழாதது இது.

கிளாம்ப் தளர்ந்திருந்தால் அதனை மட்டும் முடுக்குவது போதாது. கோணிக் கிடக்கும் குழாயை அவ்வண்ணமே இறுக்கினால், வேறோரிடத்தில் மோதும். எல்லா மூட்டுகளையும் தளர்த்தி, குழாயை அதன் இயல்பான கிடையிற் படுக்கவைத்து, எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகக் கைப்பலத்துக்கு முடுக்கி, பின்னர் ஸ்பானரால் முடித்தல் வேண்டும். கறளேறிய நட்டுக்கு முதனாள் இரவே கறள் நீக்கும் எண்ணெய் இட்டு விடுக. ஆங்கில வண்டிகளின் நட்டுகள் அங்குல அளவின என்பதை இளைய மெக்கானிக்குகள் சிலர் மறந்துவிடுகின்றனர். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். 13 மில்லிமீற்றர் ஸ்பானர் அதிற் பொருந்துவதுபோற் பாசாங்கு செய்து, இறுகிய நட்டின் மூலைகளை மழித்துவிடும். மனிபோல்டில் உள்ளவை பித்தளை நட்டுகளாயின் அவற்றுக்குப் பதிலாக இரும்பு இடற்க. பித்தளை கறளால் ஒட்டிக்கொள்ளாது என்பதற்காகவே அவை இடப்பட்டன.

குழாயில் விழுந்த சிறு ஓட்டையைத் தகட்டுப் பட்டை சுற்றிக் கிளாம்ப் இட்டு அடைக்கலாம். சூடு தாங்கும் பசையும் விற்கின்றனர். இவை மாதக் கணக்குக்கே உரியன. நல்ல தகடு எஞ்சியுள்ள இடத்தில் வெல்டிங் பிடிக்கும். கறளின்மேல் வெல்டிங் செய்வது ஈரமணலில் முளை அறைவது போன்றது. மொரிஸ் மைனரின் எண்ணெய்த் தாங்கி டிக்கியின் அடியிலேயே இருத்தலால், வாற்குழாயை வண்டியிற் பூட்டியபடியே வெல்டிங் செய்ய விடலாகாது. கழற்றிக் கொண்டுபோய்ச் செய்விக்க. நாகம் பூசிய தண்ணீர்க் குழாயைத் துண்டாக்கி இட்டுக்கொள்வோர் உளர். அதனை வெல்டிங் செய்யும்போது எழும் வெண்புகை, செய்பவருக்குக் காய்ச்சலைத் தரும். அவ்வேலைக்கு எமது வாக்கு இல்லை.

உட்தகடு பெயர்ந்த சைலன்சரைத் திருத்த முயல்வது பெரும்பாலும் வீண். பெட்டியை வெட்டித் தகட்டை எடுத்து எறிந்துவிட்டால் ஓசை தீரும் என்று ஆலோசனை கூறுவோர் உண்டு. கடகடப்புத் தீரும், ஊர் முழுவதும் விழித்துக்கொள்ளும். சட்டமும் அதற்கு இடங்கொடாது. புதிதாக்குவதே வழி. அவ்வண்டிக்குரிய பெட்டி கிடையாவிடின், குழாயின் விட்டமும் பெட்டியின் கொள்ளளவும் ஒத்த வேறொன்றைப் பொருத்துவர்; விட்டம் சிறுத்தால் எஞ்சின் மூச்சுத் திணறும். பெட்டியின் தாழ்ந்த இடத்திற் சிறு துளை இட்டால் நீர் வடிந்து ஆயுள் கூடும் என்பது பட்டறைகளில் ஒரு கட்சி. துளை பின் முனையில், கூந்தலூசி பருமனில் இருந்தால் தீதில்லை; அதற்கு நேர்மேலே அடித்தளம் ஓட்டையின்றி இருக்கின்றதா என்று முதலிற் பார்த்துக்கொள்க.

புதிய வண்டி வைத்திருப்போர்க்கு ஒரு சொல். அவற்றின் குழாயில் ஊக்கிப்பெட்டி ஒன்றுண்டு. அதனுள்ளே தேன்கூடுபோன்ற மட்பாண்டப் பகுதி, நச்சு வாயுவை நஞ்சற்றதாக மாற்றும். அது நொருங்கினால் பெட்டிக்குள் கூழாங்கல் உருள்வது போலக் கடகடக்கும். உள்ளீட்டை உடைத்துக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியைப் பூட்டித் தருவோர் உளர். வருமான அனுமதிப்பத்திரம் பெறுமுன் நடக்கும் புகைப் பரிசோதனையில் இது வெளிப்படலாம். வெளிப்படாவிடினும் நஞ்சு வீதியிலே நிற்போர் மூக்குக்குத்தான் செல்கின்றது. நொருங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் எரியாத எண்ணெய் அங்கே சென்று எரிதலாதலின், பிளக்கையும் மின்சுருளையும் பாராது பெட்டியை மட்டும் மாற்றினால் புதியதும் அவ்வழியே போகும்.

வேலை முடிந்ததும் எல்லோரும் செய்யாது விடும் ஒன்றுண்டு. வண்டியைப் பருத்தித்துறைக்கோ கொடிகாமத்துக்கோ ஒருமுறை ஓட்டி நன்கு சூடேற்றி, ஆறவிட்டு, எல்லா நட்டுகளையும் மறுபடி முடுக்குதல் வேண்டும். புதிய காஸ்கற் முதற்சூட்டில் அமுங்கும்; மூட்டுகள் தத்தம் இடத்தில் அமரும். பத்து நாள் கழித்து இன்னொரு முறை பார்க்க. அரைச் சுற்றேனும் முடுக்க வேண்டியிருக்கும்.